எட்டு மடங்கா, சிவப்புப் புள்ளியா?

ரைஃபிளின்மேல் எதைப் பொருத்துவது என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் "எத்தனை மீட்டருக்குச் சுடப்போகிறீர்கள்?" என்பதில்தான் வந்து நிற்கும். நூறு மீட்டருக்குள் என்றால் ரெட் டாட், அதைத் தாண்டினால் ஸ்கோப் என்று கணக்கை முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இது பாதிக் கணக்குதான். உருப்பெருக்கம் குண்டை இலக்கில் சேர்ப்பதற்கு உதவுவதைவிட, எதிரே நிற்பது என்னவென்று தெரிந்துகொள்ளவே அதிகம் உதவுகிறது. எனவே சுடுவதற்கு முன்னால் எதைப் பார்த்தாக வேண்டும், பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும். இதை உரசிப் பார்க்க, வேட்டை இன்றும் சட்டப்படி நடக்கிற ஸ்வீடனும் ஜெர்மனியும் வசதியான இடங்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசலை அடைத்துவிட்டது. இளவேனில் வாலறிவனால் நமக்குப் பழக்கமான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியிலோ இரண்டுக்குமே அனுமதி கிடையாது. கண்ணருகே ஒரு துளை, குழல் முனையில் ஒரு வளையம், அவ்வளவுதான்.

ஸ்வீடனில் மூஸ் வேட்டையின்போது நாய்களோ ஆட்களோ காட்டுக்குள் விலங்கைக் கிளப்புவார்கள்; சுடுபவர் தனக்கு ஒதுக்கிய இடத்தில் காத்திருப்பார். மரங்களுக்கு நடுவே விலங்கு சில விநாடிகளே தென்படும். எட்டு மடங்கு ஸ்கோப்பில் நூறு மீட்டரில் தெரியும் பரப்பு சுமார் 13, 14 மீட்டர் அகலம். நாற்பது மீட்டரில் அது ஐந்தரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டரை மீட்டர் நீள மூஸ் ஒன்று ஓடிக்கொண்டே அதற்குள் வந்தால் வட்டத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட பாதி பழுப்புத் தோல்தான். தோள் எது, தொடை எது என்று புரிவதற்குள் விலங்கு போயிருக்கும். ரெட் டாட்டில் இந்தத் தொல்லை இல்லை. சிறிய எல்ஈடி விளக்கின் ஒளி, பூச்சிட்ட வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. அதனால் புள்ளி இலக்கின் தூரத்திலேயே மிதப்பதுபோல் தெரியும். தலை சற்று இப்படி அப்படி நகர்ந்தாலும் புள்ளி காட்டும் இடம் பெரிதாக மாறாது. இரண்டு கண்களும் திறந்தே இருக்கலாம். இரண்டு எம்ஓஏ (கோண நிமிடம்) அளவுள்ள புள்ளி எண்பது மீட்டரில் மறைக்கும் வட்டத்தின் விட்டம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. மூஸின் இதய, நுரையீரல் பகுதி அதைவிடப் பன்மடங்கு பெரிது. இத்தகைய கருவியை 1975-இல் சந்தைக்குக் கொண்டுவந்த எய்ம்பாயின்ட் நிறுவனம் ஸ்வீடனின் மால்மோ நகரத்தது என்பதைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஜெர்மனியில் ஒரு வயலோரப் பரண்மேல் ஏறிக்கொள்வோம். அந்தி சாய்கிறது. எண்பது மீட்டரில், அதே தூரத்தில், ரோ மான் ஒன்று புல்வெளிக்கு வருகிறது. அது ஆணா பெண்ணா, பின்னால் குட்டி நிற்கிறதா, நடுவே கிளை குறுக்கிடுகிறதா? இவை தெரியாமல் விசையைத் தொடக் கூடாது. இங்கே ரெட் டாட் கைவிட்டுவிடும். எட்டு மடங்கு, 56 மில்லிமீட்டர் முன்லென்ஸ் கொண்ட பழைய பாணி ஸ்கோப் கண்ணுக்கு அனுப்பும் ஒளிக்கற்றையின் விட்டம் 56-ஐ எட்டால் வகுத்தால் வரும் ஏழு மில்லிமீட்டர். இருட்டில் விரிந்த இளம் கண்மணியும் ஏறத்தாழ அதே அளவுதான். (வயதானவர்களின் கண்மணி அவ்வளவு விரியாது, ஐம்பதைத் தாண்டியவர் கனமான லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு வீண்.) தூரம் மாறவே இல்லை, ஆனால் விடை தலைகீழாகிவிட்டது.

"அடையாளம் காண்பதுதான் பிரச்சினை என்றால் பைனாகுலர் இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எதுவென்று தெரியாத ஒன்றின்மேல் ரைஃபிளைத் திருப்பி ஸ்கோப் வழியே ஆராய்வது ஆபத்தான பழக்கம். முதல் பார்வை பைனாகுலருக்கு உரியதுதான். ஆனால் பைனாகுலரைக் கீழே வைத்து ரைஃபிளைத் தோளில் ஏற்றுகிற நேரத்தில் மான் திரும்பிவிடும், இரண்டாவது மான் பின்னால் வந்து நிற்கும். கடைசி நொடியில் உறுதிசெய்ய வேண்டியதை, சுடும் கருவியே காட்ட வேண்டியிருக்கிறது.

ராணுவங்களை எடுத்துக்காட்டி வாதாடுபவர்களும் உண்டு. அமெரிக்க மரைன் படை நான்கு மடங்கு ஏகாக் ஸ்கோப்பை ஏற்றது. பிறகு 2020-இல் ஒன்றிலிருந்து எட்டு மடங்குவரை மாறும் கருவியைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே ரெட் டாட் காலாவதி என்பது அவர்கள் வாதம். எனக்கு இது எதிர்ச்சான்றாகத் தெரியவில்லை. தொலைவில் நிற்பவன் கையில் இருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்று பிரித்தறிவது சிப்பாயின் அன்றாடத் தேவை. பார்ப்பதற்காகத்தான் உருப்பெருக்கம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அப்படியானால் 1–6, 1–8 வகை ஸ்கோப்பே எல்லாவற்றுக்கும் போதாதா? ஓரளவு போதும், முழுக்கப் போதாது. ஒரு மடங்கில் வைத்தாலும் கண்ணை அதன் பின்னால் சரியான தூரத்தில் நிறுத்தியாக வேண்டும்; ரெட் டாட்டின் தாராளம் அதில் வராது. முன்லென்ஸ் 24 மில்லிமீட்டர் என்றால் ஆறு மடங்கில் ஒளிக்கற்றை நான்கு மில்லிமீட்டராகக் குறைந்துவிடும், அந்திக்குப் போதாது. மவுன்ட் சேர்க்காமலே அரைக் கிலோ எடை. சிறிய ரெட் டாட்டோ நூறு கிராமுக்குள் அடங்கும். எல்லாவற்றையும்விட, உருப்பெருக்க வளையத்தை ஆறில் விட்டுவிட்டு மறந்துபோவது மனித இயல்பு. வாங்கினால், காத்திருக்கும் நேரத்தில் ஒன்றிலேயே வையுங்கள். தூரத்து விலங்கு பெரும்பாலும் வளையத்தைத் திருப்ப அவகாசம் தரும், பக்கத்து விலங்கு தராது. ரெட் டாட்டின் பின்னால் மூன்று மடங்கு மேக்னிஃபையர் மாட்டுவது இன்னொரு சமாதானம். விலங்கோடு புள்ளியும் மூன்று மடங்காகும் என்பதால் குறி நுணுக்கமாகிவிடாது. பார்வை மட்டும் கூடும். அதுதான் வேண்டும் என்றால் மாட்டலாம்.

இந்த வாதத்தையெல்லாம் உங்கள் கண்ணே செல்லாததாக்கிவிடவும் கூடும். அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்களுக்குச் சிவப்புப் புள்ளி உருண்டையாகத் தெரியாது. வால் முளைத்தோ திராட்சைக் குலைபோல் சிதறியோ தெரியும். கடையிலேயே செல்போன் கேமராவைப் புள்ளிக்கு நேரே பிடித்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கருவியில் குறையில்லை, கண்ணில்தான். வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், கண்ணாடி அணிந்தும் பாருங்கள். அப்போதும் சிதறினால், கண்ணாடியிலேயே பொறித்த குறிக்கோடு கொண்ட குறைந்த மடங்கு ஸ்கோப்தான் உங்களுக்கு. அதன் கண்முனை வளையத்தைத் திருப்பிக் கோட்டைக் கூர்மையாக்கிக்கொள்ளலாம். இரண்டு வேட்டைக்கும் ஒரே ரைஃபிள் என்றால் கழற்றி மாட்டும் மவுன்டில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றி மாட்டியபின் சுடுதளத்தில் சுட்டுக் குறியைச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போக வேண்டாம், மவுன்ட் விற்றவர் என்ன உத்தரவாதம் கொடுத்திருந்தாலும்.