பழைய ஏடுகளும் கிராமத்தின் உரிமையும்

ஏரிப் புறம்போக்கின் எல்லை எது? இந்த மானிய நிலம் எதன் பொருட்டு விடப்பட்டது? இத்தகைய வழக்கு ஊரில் எழும்போது பெரியவர்களை வினவுகிறோம். அவர்களுடைய நினைவு ஒரு தலைமுறை, இரு தலைமுறை வரை செல்லும். அதற்கு அப்பால் பேச வல்லவை அரசாங்க ஏடுகளே. அவை எங்கு உள்ளன, அவற்றைப் பார்க்கும் உரிமை எவ்வாறு வந்தது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கோட்டையில் செய்த ஆலோசனைகளையும் எழுதிய கடிதங்களையும் ஏடுகளில் பதிந்து வந்தனர். 1670 முதலான ஏடுகள் இன்றும் உள்ளன. வியாபாரம் செய்த கம்பெனி நிலவரி வாங்கும் அரசாங்கமாக மாறியபின், கிராமங்களைப் பற்றிய கணக்குகளும் பெருகின. 1805-இல் கவர்னராயிருந்த வில்லியம் பெண்டிங்க் பிரபு, தலைமைச் செயலகத்தின் ஏடுகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1909-இல், எழும்பூரில் சென்னை ஆவண அலுவலகம் அமைந்தது. 1973 முதல் அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என வழங்கி வருகிறது.

ஏடுகளைச் சேர்த்தது முதலில் அரசாங்கத்தின் சொந்தத் தேவைக்காகவே. பழைய உத்தரவைத் தேடும் அதிகாரிக்கு அவை பயன்பட்டன. வெளியார் அவற்றைக் காண்பது எளிதாயில்லை. கதவு சிறிது சிறிதாகவே திறந்தது. 1911-இல் காப்பாளராக வந்த ஹென்றி டாட்வெல் காலத்தில் கோட்டை ஏடுகள் அச்சாகி வெளிவந்தன. 1919-இல் இந்திய வரலாற்று ஆவணக் கமிஷன் நிறுவப்பட்டது. மத்திய அரசின் ஏடுகளைப் பொறுத்தவரை, 30 ஆண்டு கடந்து காப்பகத்திற்கு வந்துவிட்ட இரகசியமல்லாத ஆவணங்களை ஆராய்ச்சியாளர் பார்க்க 1993-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆராய்ச்சியாளர் அல்லாத குடிமக்களும் அரசு அலுவலகங்களிடம் தகவல் கேட்கலாம் என்பதை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உறுதி செய்தது.

கதவு திறந்ததால் விளைந்த பயன் யாது? இரண்டு உதாரணம் கூறுவோம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற அதிகாரி செங்கற்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்து நெல்லைப் பங்கிடுமுன் ஏரிக்கும், கோயிலுக்கும், காவற்காரர், தச்சர், கொல்லர், வண்ணார் முதலிய ஊர்ப் பணியாளருக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டதை அக்கணக்கு காட்டுகிறது. தம் ஏரியைத் தாமே பேணிய ஊர்கள் அவை என்பது ஊகமன்று. ஏட்டில் உள்ள கணக்கு.

மற்றொரு உதாரணம் சற்றுக் கசப்பானது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் அந்நிய ஆட்சியால்தான் உண்டாயினர் என்று பலர் கருதி வந்தனர். தர்மா குமார் என்னும் பொருளியல் அறிஞர் பழைய வருவாய் ஏடுகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாதிக் கட்டுப்பாட்டில் சிக்கிய நிலமற்ற உழைப்பாளர் பெருந்தொகையாய் இருந்தனர் என்று அவர் காட்டினார். ஏடு நம் பெருமையையும் சொல்லும். மறைக்க விரும்பும் குறையையும் சொல்லும்.

நம் ஊருக்கு உடனே பயன்படக்கூடியவை இனாம் பதிவேடுகள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஊர் ஊராக விசாரித்து, அளவு, நோக்கம், அனுபவிப்பவர் ஆகியவற்றைப் பதிவு செய்தது. நீதிமன்றங்களும் இப்பதிவேடுகளைச் சான்றாக மதிக்கின்றன. பழைய பதிவைத் தேடுவோர் தம் ஊர், வட்டம், ஜில்லா ஆகியவற்றின் அக்காலப் பெயரையும், பழைய சர்வே எண்ணையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறிய ஊரைப் புதுப் பெயரில் தேடினால் உழைப்பு வீணாகும்.

இறுதியாக ஒன்று. நாம் இன்று எழுதும் கிராம சபைத் தீர்மானப் புத்தகம் நாளைய ஆவணம். அது கரையானுக்கு இரையானால், நம் பேரப்பிள்ளைகள் ஏரியின் எல்லையைக் கேட்டு நிற்கும்போது விடை சொல்ல எவரும் இரார். ஆதலால் தீர்மானத்தைத் தெளிவாக எழுதுங்கள், தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள், ஈரம் படாத பெட்டியில் பூட்டி வையுங்கள், கேட்கும் ஊராருக்குக் காட்டுங்கள். ஏட்டைக் காப்பதும் ஊர்ப்பொதுச் சொத்தைக் காப்பதே ஆகும்.