கைப்பேசியைப் பார்த்தபின் வயலில் இறங்குவீர்

மருந்து தெளித்த சற்று நேரத்தில் மழை பெய்தால் மருந்தும் கூலியும் வீண். இடிமழையின்போது திறந்த வயலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. இவ்விரண்டையும் தவிர்க்க உதவும் இரு செயலிகளைக் கைப்பேசியில் இலவசமாகப் பெறலாம்.

மேகதூத்: 2019-ல் வெளியான இச்செயலியில், மாவட்டவாரியாக அடுத்த 5 நாட்களுக்குரிய மழை, காற்று விவரங்களையும் பயிர் ஆலோசனையையும் தமிழில் அறியலாம். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஆலோசனை புதுப்பிக்கப்படும். மழையோ பலத்த காற்றோ எதிர்பார்க்கப்பட்டால் மருந்து தெளிப்பதையும் மேலுரம் இடுவதையும் தள்ளிப்போடவேண்டும்.

தாமினி: அருகில் மின்னல் தாக்கினால் இச்செயலி எச்சரிக்கும். உடனே நடவையோ களையெடுப்பையோ நிறுத்தி, ஆட்களுடன் கட்டடத்துக்குள் செல்லவேண்டும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. மோட்டார், கம்பிவேலி ஆகியவற்றைத் தொடக்கூடாது. கடைசி இடியோசைக்குப்பின் 30 நிமிடம் கழித்தே வயலுக்குத் திரும்பவேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் எச்சரிக்கை வராது. அங்கே இடியோசையையே எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும்.

செயலி வசதி இல்லாத சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போர், கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி அழைத்து, பயிர் பற்றிய ஐயங்களைத் தமிழிலேயே கேட்டுப் பயன் பெறலாம்.