வாக்குரிமையும் அங்கத்தினர் கடமையும்

மகாசபைக்கு வாராத அங்கத்தினர் பின்னர் நிர்வாகத்தைக் குறை கூறுவதை நாம் தணிக்கையின்போது பலமுறை கேட்டிருக்கிறோம். பொதுத் தேர்தலிலும் இதுவே நிலைமை. “நிற்பவர் எவரும் சரியில்லை, வாக்களிப்பானேன்?” என்கின்றனர்.

முதற்கடமை, வாக்காளர் ஜாப்தாவில் பெயர் உளதா எனப் பார்த்தல். 18 வயது நிரம்பியும் பெயர் சேராதோர் 6ஆம் எண் படிவம் அளிக்கவேண்டும். ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாயிருந்தது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்தன. வீடு மாறியோர்க்கு 8ஆம் எண் படிவம்.

அடுத்தது, அபேட்சகர்கள் திருப்தியளிக்காவிடில் செய்வது யாது? 1996ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் விவசாயிகள் தம் குறைகள் கவனிக்கப்படாமையைக் கண்டித்துத் திரளாக மனுச் செய்தனர். மொத்தம் 1,033 பேர் போட்டியிட்டனர், வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. நாடே கவனித்தது. ஆயினும் வென்றவர் கட்சி அபேட்சகரே. அவ்வாண்டே டிபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

2013இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பால் ‘நோட்டா’ வந்தது. அது நம் அதிருப்தியைக் கணக்கில் ஏற்றும். ஆனால் அதற்கே அதிக வாக்குகள் விழுந்தாலும், அபேட்சகர்களுள் முதல்வராய் வந்தவரே சட்டசபை, பார்லிமெண்டுத் தேர்தல்களில் வென்றவராவார்.

ஆகவே, வாக்களிக்குமுன் உழைக்கவேண்டும். சொத்து, கிரிமினல் வழக்கு விவரங்களடங்கிய பிரமாணப் பத்திரத்தைக் கூடிப் படிப்போம். நூல் விலை, பாசனம் பற்றி ஒவ்வோர் அபேட்சகரையும் நேரில் வினவுவோம். பாவில் இழை அறுந்தால் தறியைவிட்டு எழுவதில்லை, பிணைத்து நெய்கிறோம்.

சிந்திக்க:
1. உங்கள் இல்லத்தில் ஜாப்தாவில் பெயர் சேராதவர் எவர்?
2. அபேட்சகரிடம் நாம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் யாவை?