செய்கையைக் காட்டுங்கள்!



சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, பின்னர் நான்கு என இரட்டித்து வைக்கும் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 64 கட்டங்களோடு நில்லாமல், மேலும் மூன்று கட்டம் சேர்த்து 67 கட்டங்களுக்கு வைத்தால் மொத்த நெல்மணிகள் எத்தனை?

147,573,952,589,676,412,927

67 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தாலும் இதே எண்தான் வரும். இது ஒரு முதன்மை எண், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் என்று மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் எழுதினார். அது தவறு என 1876இல் லூக்கா என்ற கணிதவியலாளர் நிறுவினார். ஆனால் இதன் காரணிகள் எவையென்று அவரால் காட்ட முடியவில்லை.

1903 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. பேராசிரியர் கோல் எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையில் ஒரு பெருக்கலைச் செய்து முடித்துவிட்டு அமர்ந்தாராம்:

193,707,721 × 761,838,257,287

விடை மேலே உள்ள அதே எண். சபை கைதட்டியது. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டதாக அவர் பின்னர் கூறினார் என்பார்கள்.

இதை நாமும் ஓரளவு சோதிக்கலாம். ஓர் எண்ணின் இலக்கங்களை ஓர் இலக்கம் வரும்வரை கூட்டுங்கள். முதலாம் காரணி: 37, 10, 1. இரண்டாம் காரணி: 64, 10, 1. ஆகவே விடையிலும் 1×1=1 வரவேண்டும். பெரிய எண்: 109, 10, 1. சரி!

ஆனால் கவனம். சோதனை பிழைத்தால் கணக்குப் பிழை என்பது நிச்சயம். சோதனை சரிவந்தால் கணக்குச் சரி என்பது நிச்சயமல்ல. இரு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும்.

இந்தப் பாடம் எனக்கு ஒருமுறை சோறு போட்டது. இந்நாட்டுக்கு வந்த புதிதில் என் பட்டச் சான்றிதழ் ஊரிலேயே தங்கிவிட்டது. வேலை கேட்டுப் போன ஓரிடத்தில் நான் கணக்காளன் என்பதை நம்பவில்லை. எனக்கோ அவர்களது மொழி வாயில் வரவில்லை. மேசையில் ஒரு பரீட்சை மீதி, 270 வித்தியாசத்துடன் கிடந்தது. 270 என்பது 9ஆல் வகுபடும். பேரேட்டை வாங்கிப் புரட்டினேன். 1,520 என்பது 1,250 என எழுதப்பட்டிருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். மறுநாள் வரச் சொன்னார்கள்.

கோலும் அன்று பேசவில்லை. செய்கை பேசியது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: 11 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் 2,047. இது முதன்மை எண்ணா? விடையை மட்டும் எழுதவேண்டாம், செய்கையையும் காட்டுங்கள்.