பெரியவர்கள் கணினி கற்க: சென்டரா, வீடா, ஊர்க்குழுவா?

கிராமத்து மக்களுக்கு இலவசமாகக் கணினியும் இணையமும் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த பிஎம்ஜி திஷா திட்டம் 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர், 14 முதல் 60 வயது வரை, 20 மணி நேரப் பாடம் என்பது அதன் கணக்கு. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டை நம்பிப் பிழைக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் கேண்டீன் அக்காவுக்கும் மகளிர் குழுத் தலைவிக்கும் இனி மூன்று வழிகள் உண்டு: ஸ்ரீபெரும்புதூர் போய்த் தனியார் சென்டரில் சேரலாம், வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம், ஊருக்குள்ளேயே ஐந்தாறு பேர் கூடிப் படிக்கலாம்.

எதற்காகக் கற்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்டோர், டெஸ்பாட்ச் போன்ற வேலைக்கு மாற நினைப்பவருக்கு எக்செல் தெரிய வேண்டும், கீபோர்டில் கை பழக வேண்டும். அவருக்கு சென்டர்தான் சரி. ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடைக்குமா? ஷிப்ட் மாறினால் வகுப்பு நேரத்தையும் மாற்றித் தருவார்களா? இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி ஷிப்ட் என்று ஓடுகிறவருக்கு மாலை ஆறு மணி வகுப்பு மட்டும் என்றால் பாதி மாதம் வீணாகும். சான்றிதழைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அரசுத் தட்டச்சர் பணிக்குக் கேட்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு வைத்துத் தரும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபிஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழை. சென்டரே அச்சடித்துத் தருவது அதற்கு ஈடாகாது.

பி.எஃப். கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவும், பட்டா எடுக்கவும், கரண்ட் பில் கட்டவும் கையிலிருக்கும் போனே போதும். இதற்கெல்லாம் மூன்று மாத கோர்ஸ் தேவையில்லை.

வீட்டில் பிள்ளைகளிடம் கற்பது செலவில்லாதது. ஆனால் பெரும்பாலும் அது பாடமாகவே இருப்பதில்லை. "குடும்மா, நானே பண்ணித் தரேன்" என்று மகன் போனை வாங்கிவிடுவான். வேலை முடியும், அம்மா எதையும் கற்றிருக்க மாட்டார். பாஸ்வேர்டும் மகனிடமே தங்கிவிடும். வெளியே போக முடியாத முதியவருக்கு வேறு வழியில்லை என்றால் ஒரே நிபந்தனை: சொல்லித் தருபவர் விரல் போனில் படக்கூடாது.

என் பரிந்துரை ஊர்க்குழு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது அவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. வீராம்பட்டினத்தில் இணையத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். ஊருக்கு எது வேண்டுமோ அதிலிருந்து தொடங்கியதால்தான் மக்கள் ஒட்டிக்கொண்டார்கள். கேரளத்தின் புல்லம்பாறை ஊராட்சியில் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போனார்கள், நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022-இல் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. நம் ஊரிலும் மகளிர் குழுவும் ஊரக வேலைத் திட்டமும் உண்டு. டிப்ளமோ முடித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

குழு ஆறு பேரைத் தாண்ட வேண்டாம். அவரவர் போனிலேயே பழகட்டும். முதல் நாளே போனைத் தமிழுக்கு மாற்றுங்கள். எழுத்துக்கூட்டத் தயங்குபவருக்கு மைக் பொத்தானைக் காட்டுங்கள், தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும். அடுத்து, ஒருவருக்கொருவர் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கட்டும். பணம் அனுப்பத்தான் பின் நம்பர், வாங்குவதற்குத் தேவையே இல்லை என்பது அப்போது தானாகப் பிடிபடும். பணம் தருவதாகச் சொல்லிப் பின் நம்பரைப் போடவைப்பதுதான் ஏமாற்றுக்காரர்கள் புகும் வாசல் என்பதால் இந்தப் பாடத்தை மட்டும் வாராவாரம் திரும்பச் செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய 1930 எண்ணையும் அன்றே ஒவ்வொரு போனிலும் பதிந்து கொடுங்கள்.

நேரம் ஞாயிறு மாலை நான்கு மணியாக இருக்கட்டும். சனி இரவு சி ஷிப்ட் பார்த்தவரும் அதற்குள் தூங்கி எழுந்திருப்பார்.