எக்ஸெல் வொர்க்ஷீட்டில் லெ மான்ஸ் பயணத் திட்டம்

கம்ப்யூட்டர் வாங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. கேம்ஸ் ஆடிப் பார்த்தாகிவிட்டது. லெட்டர் டைப் செய்து பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. "எக்ஸெல் என்று ஒன்று இருக்கிறதே, அது அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்களுக்குத்தானே, வீட்டில் எனக்கு எதற்கு?" என்று புதியவர்கள் பலர் கேட்கின்றனர். தேதிகளைக் கணக்கிட்டு முன்கூட்டியே திட்டமிட வேண்டிய எந்த வேலைக்கும் அது உதவும். இந்த இதழில் கொஞ்சம் பெரிய கனவு ஒன்றை எடுத்துக் கொள்வோம். பிரான்ஸ் நாட்டின் லெ மான்ஸ் நகரில் நடக்கும் 24 மணி நேர கார் பந்தயத்தை நேரில் பார்க்க முதன்முறையாகச் செல்வதுதான் அந்தக் கனவு.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதே வேலையைச் செய்திடலாம். மெனுக்களின் இடம் மட்டும் சற்று மாறும்.

முதலில் பந்தயத்தைப் பற்றிச் சில வரிகள். 1923ல் தொடங்கிய பந்தயம் இது. ஒரு சுற்று 13.626 கிலோ மீட்டர். பாதையின் ஒரு பகுதி, மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் கார் ஓட்டிச் செல்லும் பொதுச் சாலை. ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். வழக்கமாக ஜூன் மாதத்தின் நடுவில், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முடியும். 2010ல் வெற்றி பெற்ற ஆடி கார் 397 சுற்றுகள், அதாவது 5,410 கிலோ மீட்டருக்கு மேல் ஓடியது. நம் ஊர்க்காரர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2009ல் ஓட்ட இருந்தார். தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகியதால் ஓட்ட முடியவில்லை. சென்னையின் கருண் சந்தோக் 2012ல் ஓட்டினார்; அவருடைய கார் ஆறாவதாக வந்தது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

தேதி தவறினால் பயணமே தவறும்

எக்ஸெலைத் திறந்து ஒரு தேதியை டைப் செய்வதற்கு முன் செய்திட வேண்டிய வேலை ஒன்று உள்ளது. இதைச் செய்யாமல் நான் ஒரு பயணத்தையே இழந்தேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 பந்தயம் ஜூன் 15, 16 தேதிகளில் நடந்தது. ஜூன் 11ல் புறப்படுவது என முடிவு செய்து, புதிய லேப்டாப்பில், 11/06/2024 என டைப் செய்தேன். விசாவிற்கு, புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்று படித்திருந்தேன். அந்த நாளைக் கணக்கிட ஒரு பார்முலா அமைத்தேன். மே 6 என்று விடை வந்தது. எக்ஸெலே சொல்லிவிட்டது, பிறகென்ன என்று மே மாதம் வரை சும்மா இருந்துவிட்டேன். மே 6 அன்று விண்ணப்ப மையத்தில் நேரம் கேட்டால், கிடைத்த முதல் நாள் ஜூன் 13. நான் பறந்திருக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் கழித்து! தங்கும் அறைக்குக் கட்டிய பணம் திரும்பி வரவில்லை. பந்தயத்தை வீட்டில் திரையில்தான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். என் லேப்டாப்பில் விண்டோஸ், அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தது. அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். எனவே 11/06 என்பதை நவம்பர் 6 என எடுத்துக் கொண்டு, அதற்கு ஆறு மாதம் முன்னால் உள்ள மே 6ஐச் சரியாகவே கணக்கிட்டுத் தந்தது. செல்லில் பார்த்தால் நான் டைப் செய்தது போலவேதான் தெரியும்.

எச்சரிக்கை அறிகுறி ஒன்றும் இருந்தது. எனக்குத்தான் அது புரியவில்லை. பந்தய நாளை 15/06/2024 எனத் தந்திருந்தேன். பதினைந்தாவது மாதம் என ஒன்று இல்லையே! எனவே எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக் கொண்டது. தேதி என்றால் செல்லின் வலது ஓரத்தில் நிற்கும். எழுத்து என்றால் இடது ஓரத்தில் நிற்கும். ஒன்று இடதில், ஒன்று வலதில் நின்றதைப் பார்த்து, அழகாக இல்லையே என்று இரண்டையும் நடுவில் நிறுத்தினேன். அந்த புத்திசாலித்தனத்திற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

நீங்கள் இவ்வாறு செய்திடுங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில், லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கு ரீஜனல் பார்மட் என்ற இடத்தில் இங்கிலீஷ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எக்ஸெலை மூடி மீண்டும் திறக்கவும். இனி டைப் செய்யும் தேதிகள் நம் முறையில் அமையும். ஆனால் ஏற்கனவே தவறாகப் பதிவானவை தாமாகத் திருந்தாது. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்திட வேண்டும்.

இன்னும் பாதுகாப்பான வழி, மாதத்தை எண்ணாகத் தராமல் ஆங்கிலத்தில் பெயராகத் தருவது. 14-ஜூன்-2025 என மாதத்தின் மூன்றெழுத்துச் சுருக்கத்துடன் டைப் செய்தால் எந்த நாட்டு அமைப்பிலும் குழப்பம் வராது.

முதல் வொர்க்ஷீட்: நாட்கள்

ஏ நெட்டு வரிசையில் வேலையின் பெயர்; பி நெட்டு வரிசையில் தேதி. முதல் படுக்கை வரிசையைத் தலைப்புகளுக்கு விட்டுவிடுங்கள். எடுத்துக்காட்டாக 2025 பந்தயத்தின் தேதியைப் பயன்படுத்துகிறேன். நீங்கள் செல்லும் ஆண்டின் தேதியை, பந்தயத்தை நடத்தும் கிளப்பின் தளத்தில் பார்த்து மாற்றிக் கொள்ளுங்கள்.

பி2 செல்லில் பந்தயம் தொடங்கும் நாள், 14-ஜூன்-2025 எனத் தரவும். அந்த செல்லைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேப்பில் நம்பர் பார்மட் கட்டத்தில் லாங் டேட் எனக் கொடுக்கவும். சில அமைப்புகளில் இப்போது கிழமையும் சேர்ந்து தெரியும். லெ மான்ஸ் பந்தயம் சனிக்கிழமை தொடங்குவது. உங்கள் செல் வேறு கிழமையைக் காட்டினால் எங்கோ தவறு என்று அர்த்தம்.

பி3 புறப்படும் நாள். இங்கு தேதியை டைப் செய்திட வேண்டாம். ஈக்வல் அடையாளம் டைப் செய்து, பி2 செல்லில் மவுஸால் கிளிக் செய்து, -3 என டைப் செய்து என்டர் தட்டவும். ஜூன் 11 கிடைக்கும். ஏன் மூன்று நாள் முன்பு? வியாழன் இரவில் கார்கள் பயிற்சிக்கு ஓடும். வெள்ளியன்று ஓட்டுநர்கள் நகரின் நடுவே ஊர்வலம் வருவார்கள். தூக்கக் கணக்கும் சரியாக வேண்டும் அல்லவா!

பி4 திரும்பும் நாள். இதே போல் பி2 உடன் 2 கூட்டவும். திங்கள் கிடைக்கும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பந்தயம் முடிந்து, அன்றிரவே பாரிஸில் விமானம் பிடிக்கலாம் என எண்ண வேண்டாம். 2025ல் அங்கு கூடியவர்கள் மூன்று லட்சத்திற்கும் மேல். அத்தனை பேரும் ஒரே நேரத்தில்தான் வெளியேறுவார்கள்.

பி5 விசாவிற்கு விண்ணப்பிக்கத் தொடங்கும் நாள். பார்முலாஸ் டேப்பில், டேட் அண்ட் டைம் பட்டனைக் கிளிக் செய்தால் பங்க்ஷன்களின் பட்டியல் விரியும். அதில் இ, டி, ஏ, டி, இ என்ற ஐந்து எழுத்துகள் கொண்ட பங்க்ஷனைத் தேர்ந்தெடுக்கவும். சிறு விண்டோ ஒன்று கிடைக்கும். ஸ்டார்ட் டேட் என்ற கட்டத்தில் கர்சரை வைத்து பி3 செல்லில் கிளிக் செய்திடவும். மந்த்ஸ் என்ற கட்டத்தில் -6 எனத் தந்து ஓகே கிளிக் செய்திடவும். விடை 45637 என்று வரலாம். பயப்பட வேண்டாம். எக்ஸெல், தேதிகளை 1900 ஜனவரி 1 முதல் ஒன்று, இரண்டு என எண்களாகத்தான் நினைவில் வைத்துக் கொள்கிறது. பார்மட்டை லாங் டேட் என மாற்றினால் 2024 டிசம்பர் 11 எனக் காட்டும்.

பி6 விண்ணப்பிக்கக் கடைசி நாள். பி3ல் இருந்து 15ஐக் கழிக்கவும். மே 27 வரும். விதிப்படி இதுதான் கடைசி நாள் என்றாலும், கோடையில் கூட்டம் அதிகம். பி5ல் காட்டும் நாளுக்குப் பக்கத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். 2024ல் என் வொர்க்ஷீட்டில் இந்த வரிசை இல்லை. இருந்திருந்தால் அக்டோபர் மாதத்தைக் காட்டியிருக்கும், அங்கேயே பிடிபட்டிருக்கும்.

பி7ல் அதே பங்க்ஷனை மீண்டும் பயன்படுத்தி, பி4 உடன் 3 மாதங்கள் கூட்டவும். உங்கள் பாஸ்போர்ட் குறைந்தது இந்த நாள் வரை செல்லுபடியாக வேண்டும். அது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு காலிப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவச் செலவிற்கு 30,000 யூரோ வரை தரும் பயணக் காப்பீடும் கேட்பார்கள்.

சி நெட்டு வரிசையில், பி6ல் இருந்து இன்றைய தேதியைக் கழித்தால் மீதமுள்ள நாட்கள் கிடைக்கும். இன்றைய தேதிக்கு, அதே டேட் அண்ட் டைம் பட்டியலில் உள்ள டுடே பங்க்ஷனைப் பயன்படுத்தவும். பைலைத் திறக்கும் நாளெல்லாம் எண் குறைந்து கொண்டே வரும். விடை தேதியாகத் தெரிந்தால் பார்மட்டை ஜெனரல் என மாற்றவும்.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனை தொடங்கிவிடும். அண்மை ஆண்டுகளில் பல மாதங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்திருக்கின்றன. நுழைவுச் சீட்டு, கேலரி இருக்கை, கூடாரம் அடிக்க இடம், கார் நிறுத்த இடம் எல்லாம் தனித்தனிச் சீட்டுகள். தேடுதல் தளத்தில் முதலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்துவிடாதீர்கள். முகவரிக் கட்டத்தில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே கார்டு எண்ணைத் தரவும்.

செலவு

இது எளிது. புதிய வொர்க்ஷீட்டில் ஒரு மூலையில் இன்றைய யூரோ மதிப்பை எழுதவும். செலவுகளை யூரோவில் பட்டியலிட்டு, அடுத்த செல்லில் மதிப்பால் பெருக்கவும். பார்முலாவில் மதிப்பு உள்ள செல்லைக் கிளிக் செய்தவுடன் எப்4 கீயை அழுத்தவும். டாலர் அடையாளங்கள் தோன்றும். இனி பார்முலாவைக் கீழே இழுத்தாலும் அந்த செல் மாறாது. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இணையத்தில் காட்டும் மதிப்பைவிட, உங்கள் வங்கி விற்கும் மதிப்பு கூடுதலாக இருக்கும். வங்கியின் மதிப்பையே எழுதவும்.

மூன்றாவது வொர்க்ஷீட்: 24 மணி நேரம்

ஏ2ல் 14-ஜூன்-2025 16:00 எனவும், ஏ3ல் அதே தேதியில் 17:00 எனவும் டைப் செய்திடவும். இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து ஏ26 வரை இழுக்கவும். ஞாயிறு 16:00 வரை ஒவ்வொரு மணியாக நிரம்பிவிடும். தேதியையும் சேர்த்துத் தருவது முக்கியம். இல்லை என்றால் நள்ளிரவுக்குப் பின் எந்த நாள் என்ற குழப்பம் வரும்.

டி1ல் 3:30 எனத் தரவும். கோடையில் பிரான்ஸ் நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியது. பி2ல், ஏ2 உடன் டி1ஐக் கூட்டி, டி1ஐக் கிளிக் செய்தவுடன் எப்4 அழுத்தி, கீழே இழுத்தால் நம் ஊர் நேரம் கிடைக்கும். எண்ணாகத் தெரிந்தால், ஏ2வைத் தேர்ந்தெடுத்து பார்மட் பெயின்டரால் இதற்கும் பூசுங்கள். வீட்டிற்கு எப்போது போன் செய்வது என இந்த வரிசை சொல்லும். அங்கு இரவு பத்து மணி என்றால் இங்கு ஒன்றரை.

சி நெட்டு வரிசையில் அந்த நேரத்தில் எங்கே இருப்பது என எழுதவும். அடுத்த ஆண்டு சென்று வந்ததை வைத்துச் சொல்கிறேன். தொடக்கத்தை பிட் எதிரே உள்ள கேலரியில் பாருங்கள். மாலையில் டன்லப் பாலம், டெர்த்ர் ரூஜ் வளைவு வரை நடக்கலாம். ஜூன் மாதத்தில் அங்கு சூரியன் மறைவதே ஏறக்குறைய இரவு பத்து மணிக்குத்தான். காலை ஆறு மணிக்கு உதித்துவிடும். முழு இருட்டு குறைவு. அதை வீணாக்காமல் ஆர்னாஜ் வளைவுக்குச் செல்லுங்கள். மிக வேகமாக வரும் கார்கள் அங்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். சக்கரத்தின் உள்ளே பிரேக் தட்டு சூடேறிச் சிவப்பாக ஒளிர்வதை இருட்டில்தான் பார்க்க முடியும்.

பிறகு ஒரு வரிசையில் "தூக்கம்" என்று கட்டாயம் எழுதவும். சிரிக்க வேண்டாம். முதல் முறை செல்பவர்கள் இரவு முழுக்க விழித்திருந்து, கடைசி இரண்டு மணி நேரத்தைத் தூங்கிக் கழிப்பது சகஜம். நான் மூன்று மணி முதல் ஐந்தரை வரை படுத்தேன். காது அடைப்பானும் கம்பளிச் சட்டையும் மழைக் கோட்டும் வேண்டும். ஜூன் என்றாலும் இரவில் குளிரும். மழை வந்தால் திட்டத்தை மாற்றிக் கொள்ளுங்கள். 2024ல் இரவு மழையால் நான்கு மணி நேரத்திற்கும் மேல் கார்கள் சேப்டி காருக்குப் பின்னால்தான் வரிசையாக ஓடின.

போகும் வழியையும் இதிலேயே எழுதிவிடுங்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி ரயிலில் லெ மான்ஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து டிராமில் பந்தய மைதானத்தின் அருகே உள்ள கடைசி நிறுத்தம் வரை செல்லலாம்.

எல்லாம் முடிந்ததும் பிரிண்ட் எடுங்கள். போனில் வைத்திருக்கிறேனே என்று விட்டுவிட வேண்டாம். அத்தனை லட்சம் பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க் திணறும். சார்ஜும் இரவில்தான் தீரும். பிரிண்ட் விண்டோவில் ஸ்கேலிங் பிரிவில் பிட் ஷீட் ஆன் ஒன் பேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே தாளில் அடங்கிவிடும். இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்கள் சட்டைப் பையில். மற்றொன்று வீட்டில் பிரிட்ஜ் கதவில். "இப்போது போன் செய்தால் எழுந்திருப்பானா?" என்ற கேள்விக்கு வீட்டில் உள்ளவர்கள் அதைப் பார்த்துக் கொள்வார்கள்.