கவுனி அரிசியில் சாயமா?

"கருப்புக் கவுனியைக் கழுவினால் தண்ணீர் ஊதாவாகிறதே, சாயமா?" என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் நாம் விழிக்கத் தேவையில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயத்தை நாம் தோய்த்து ஏற்றுகிறோம். நெல்லோ மணி முற்றும்போது தானே ஏற்றிக்கொள்கிறது. 'காலா4' என்னும் மரபணு முடுக்கிவிட, தவிட்டுப் படலத்தில் ஆந்தோசயனின் நிறமி சேர்கிறது. அது நீரில் கரையும். கழுவிய நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா சிவக்கும். கல்லாவிலேயே செய்து காட்டலாம்.

மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிக்கு 'ஆர்சி', 'ஆர்டி' என இரு மரபணுக்கள் வேண்டும். முதலாவது மட்டுமிருந்தால் பழுப்புதான். பெரும்பாலான வெள்ளை அரிசிகளில் ஆர்சியின் 14 எழுத்துகள் விடுபட்டுள்ளதை 2006-இல் கண்டறிந்தனர்.

நிறமெல்லாம் தவிட்டோடு சரி, உள்ளே வெள்ளைதான். ஆகவே, கவுனியையும் சம்பாவையும் மில்லில் அதிகம் தீட்டச் சொல்லாதீர்கள்.